ஏலமலை ஏறிய ஜீப் பெருத்த கதை

கம்பம், போடி ஊர்களிலிருந்து கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குத் தமிழ்த் தொழிலாளர்களை ஏற்றிச்சென்ற வண்டி ஜீப். 1940-களின் இறுதியில் மகிந்திரா இந்தியாவுக்குக் கொண்டுவந்த வில்லிஸ் ஜீப்பின் நீளம் ஏறத்தாழ 3.3 மீட்டர், அகலம் 1.6 மீட்டருக்கும் குறைவு. எடை சுமார் ஒரு டன். அதன் வழிவந்த மகிந்திரா தார் வண்டி, 2020-இல் ஏறக்குறைய 4 மீட்டர் நீளம், 1.82 மீட்டர் அகலம், ஒன்றரை டன்னுக்கு மேல் எடை என்றானது. 2024-இல் வந்த ஐந்து கதவுத் தார் ராக்ஸின் நீளம் 4.4 மீட்டர்.

உயிர்ப் பாதுகாப்புக்குக் கனத்த உடற்கூடும் காற்றுப்பைகளும் வேண்டும் என்பது நியாயமான வாதம். 2020 தார் மோதல் சோதனையில் நான்கு நட்சத்திரம் பெற்றது. ஆனால் ஆடம்பரமும் அதிக இடமும் தேடி வளர்ந்த பங்கை அந்த வாதம் மறைத்துவிடக் கூடாது. சாலைகளும் அகலமாகிவிட்டனவே என்றால், மூணாறு–போடிமெட்டு நெடுஞ்சாலை அகலமானது உண்மை. தோட்டங்களுக்குள் இறங்கும் கிளைப்பாதைகள் பல இன்னும் ஒற்றைத்தடமே. வண்டியின் பெருக்கத்தை வரியும் முழுமையாக அளக்கவில்லை: 2006-இல் சிறு கார்களுக்குத் தந்த வரிச்சலுகை நீளத்தையும் இன்ஜின் அளவையும் மட்டுமே அளந்தது. அகலமும் எடையும் கணக்கில் வரவில்லை. அவற்றையும் அளந்து வரி விதிப்பதே மலைச்சாலைக்குச் செய்யும் நியாயம்.