கெர்ட் முல்லர்

கெர்ட் முல்லர் (3 நவம்பர் 1945 – 15 ஆகஸ்ட் 2021) மேற்கு ஜெர்மனியின் கால்பந்து வீரர். பேயர்ன் மியூனிக் கிளப்புக்கும் தேசிய அணிக்கும் ஸ்ட்ரைக்கராக ஆடியவர். ஜெர்மனியின் முதல்நிலை லீகான புண்டஸ்லிகாவில் 427 ஆட்டங்களில் 365 கோல்களும், நாட்டுக்காக 62 ஆட்டங்களில் 68 கோல்களும் அடித்தார். சர்வதேசக் கால்பந்தில் ஆடிய ஆட்டங்களைவிடக் கோல்கள் மிஞ்சி நிற்பது அபூர்வம். கோல் அடிப்பதையே தொழிலாகக் கொண்ட ஆட்டக்காரருக்கு ஓர் உதாரணம் சொல்ல வேண்டுமானால், பெலே, க்ரைஃப் போன்ற சமகால நட்சத்திரங்களையும் தாண்டி முதலில் சொல்ல வேண்டிய பெயர் இவருடையதுதான்.

பவேரியாவிலுள்ள நோர்ட்லிங்கன் என்ற சிறிய ஊரில் பிறந்தார். இளம் வயதில் நெசவுத் தொழிலுக்குப் பயிற்சி பெற்றபடியே உள்ளூர் அணியில் ஆடினார். 1964இல் பேயர்ன் அவரை எடுத்துக்கொண்டது. அப்போது பேயர்ன் பெரிய கிளப் அல்ல. முந்தைய ஆண்டு தொடங்கிய புண்டஸ்லிகாவில் அதற்கு இடம் கிடைக்கவில்லை, இரண்டாம் நிலையில் ஆடிக்கொண்டிருந்தது. பயிற்சியாளர் ஸ்லாட்கோ சைகோவ்ஸ்கிக்கு, குட்டையாய், கட்டையாய், தொடை பருத்திருந்த இந்தப் பையனைப் பார்த்ததும் நம்பிக்கை வரவில்லை. 'குட்டைக் குண்டு முல்லர்' என்று அவர் வைத்த பட்டப்பெயர் கடைசிவரை ஒட்டிக்கொண்டது. ஆனால் களத்தில் இறக்கிவிட்ட பிறகு கோல்கள் வந்துகொண்டே இருந்தன. அடுத்த ஆண்டே பேயர்ன் முதல்நிலைக்கு ஏறியது.

சைகோவ்ஸ்கி குறையாகப் பார்த்த உடல்வாகுதான் முல்லரின் பலம். உயரம் 176 செ.மீ. தான், இடுப்பு தாழ்ந்திருந்ததால் எதிரணித் தடுப்பாட்டக்காரர் எவ்வளவு மோதினாலும் எளிதில் விழமாட்டார். கோலுக்கு முதுகைக் காட்டி நின்று, பந்து வந்த கணத்தில் ஓரடி இடத்துக்குள் சுழன்று திரும்பி அடிப்பார். நெடுந்தொலைவு பந்தை உருட்டிச் செல்வது, நாலு பேரை ஏமாற்றிக் கடப்பது போன்ற அலங்காரங்கள் அவரிடம் குறைவு. முழங்காலால், தலையால், உட்கார்ந்தபடி, விழுந்துகொண்டே எனக் கிடைத்த நிலையிலெல்லாம் பந்தை உள்ளே தள்ளினார். பெனால்டி எல்லைக்குள் பந்து எங்கே வந்து விழும் என்பதை மற்றவர்களுக்கு ஒரு நொடி முன்பே அறிந்து அங்கே போய் நிற்பார். இதை அதிர்ஷ்டம் என்று எழுதியவர்கள் உண்டு. பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து ஒருவருக்கு அதிர்ஷ்டம் அடிக்காது. அது கூர்ந்த கவனத்தால் வந்த திறமை.

பேயர்னிலும் தேசிய அணியிலும் சக வீரரான பெக்கன்பவருடன் அவர் கொண்ட கூட்டு தனியாகச் சொல்லத் தக்கது. பின்களத்திலிருந்து ஏறிவரும் பெக்கன்பவர் பந்தை முல்லரிடம் தட்டுவார். முல்லர் ஒரே தொடுகையில் அதைத் திருப்பிக் கொடுப்பார். அதற்குள் பெக்கன்பவர் தடுப்பைக் கடந்திருப்பார். இந்தக் கூட்டையும் கோல்கீப்பர் செப் மையரையும் கொண்டு பேயர்ன் நான்கு முறை புண்டஸ்லிகாவையும், நான்கு முறை ஜெர்மன் கோப்பையையும், 1974 முதல் 1976 வரை தொடர்ந்து மூன்று முறை கிளப்புகளுக்கான ஐரோப்பியக் கோப்பையையும் வென்றது. முல்லரின் கோல்கள் இல்லையென்றால் கிளப் இன்னும் தன் பழைய மரக்கொட்டகையிலேயே இருந்திருக்கும் என்ற கருத்தைப் பெக்கன்பவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் பத்துக் கோல்கள் அடித்தார்; பல்கேரியாவுக்கும் பெருவுக்கும் எதிராக அடுத்தடுத்து ஹாட்ரிக். காலிறுதியில் இங்கிலாந்தை வீழ்த்திய கூடுதல் நேரக் கோலும் அவருடையதே. அந்த ஆண்டு ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான பாலன் தோர் விருதைப் பெற்றார். அதைப் பெற்ற முதல் ஜெர்மானியர் இவர். 1972இல் நடந்த தேசிய அணிகளுக்கான ஐரோப்பியப் போட்டியின் அரையிறுதியிலும் இறுதியிலும் ஜெர்மனி அடித்த ஐந்து கோல்களில் நான்கு முல்லர் அடித்தவை.

1974 ஜூலை 7 அன்று மியூனிக்கில் நெதர்லாந்துக்கு எதிரான உலகக் கோப்பை இறுதி ஆட்டம். 1–1 என்ற நிலையில் 43ஆவது நிமிடம் வலப்பக்கம் ஓடிய சக வீரர் போன்ஹோஃப் பந்தை உள்ளே தள்ளினார். முல்லர் முன்னே ஓடிவிட்டார். அவர் காலில் பட்ட பந்து பின்புறம் தங்கியது. பெரும்பாலோருக்கு அந்த வாய்ப்பு அங்கேயே முடிந்திருக்கும். முல்லர் ஓர் எட்டு பின்வாங்கி, உடலைத் திருப்பி, வலக்காலால் தாழ்வாகத் தட்டினார். வேகமான அடிகூட இல்லை. நெதர்லாந்துத் தடுப்பாட்டக்காரர் க்ரோல் நீட்டிய காலைக் கடந்து பந்து மூலைக்குள் உருண்டது. கோல்கீப்பர் யோங்ப்ளூட் நின்ற இடத்திலேயே நின்றார். இரண்டாம் பாதியில் யாரும் கோல் அடிக்கவில்லை. ஜெர்மனி 2–1 என்று கோப்பையை வென்றது. நாட்டுக்காக அவர் அடித்த கடைசிக் கோல் அதுவே. குடும்பத்துக்கு நேரம் வேண்டும் என்று 28 வயதிலேயே தேசிய அணியிலிருந்து விலகிவிட்டார்.

கிளப்பில் விடைபெற்ற விதம் கசப்பானது. 1979 பிப்ரவரியில் ஓர் ஆட்டத்தின் நடுவே பயிற்சியாளர் அவரை வெளியே எடுத்தார். அதோடு முல்லர் பேயர்னை விட்டு அமெரிக்கா போய், ஃபோர்ட் லாடர்டேல் ஸ்ட்ரைக்கர்ஸ் அணியில் 1981 வரை ஆடினார். ஆட்டம் நின்ற பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் குடிக்கு அடிமையானார். பல வீரர்களின் கதை இந்த இடத்தில் முடிந்துவிடும். 1990களின் தொடக்கத்தில் உலி ஹோனஸ் உள்ளிட்ட பழைய தோழர்கள் அவரைச் சிகிச்சைக்கு அனுப்பினார்கள். மீண்டு வந்தவருக்கு பேயர்னின் இளையோர், இரண்டாம் அணிகளில் பயிற்சிப் பணி கொடுத்தார்கள். அவர் அடித்த கோல்களுக்குக் கிளப் செலுத்திய கடன் என்று இதைச் சொன்னால் மிகையாகாது. அந்த அணிகளில் வளர்ந்தவர்களில் தாமஸ் முல்லரும் ஒருவர். இருவருக்கும் உறவு ஏதுமில்லை. 2015இல் கெர்ட் முல்லருக்கு அல்சைமர் நோய் இருப்பதைக் கிளப் அறிவித்தது.

அவருடைய சாதனைகள் வீழப் பல பத்தாண்டுகள் ஆயின. உலகக் கோப்பைகளில் அவர் அடித்த 14 கோல்களை 2006இல் பிரேசிலின் ரொனால்டோ கடந்தார். 1972ஆம் ஆண்டில் அடித்த 85 கோல்களை 2012இல் மெஸ்ஸி கடந்தார். தேசிய அணிக்கான 68ஐ 2014இல் ஜெர்மன் வீரர் குளோசா கடந்தார். குளோசாவின் 71 கோல்களுக்கு 137 ஆட்டங்கள் தேவைப்பட்டன. 1971–72 புண்டஸ்லிகா பருவத்தின் 40 கோல்களைப் பேயர்ன் வீரர் லெவன்டோவ்ஸ்கி 2021 மே மாதத்தில் எட்டியபோது, சட்டைக்குள் முல்லர் படம் போட்ட பனியனைக் காட்டி மரியாதை செய்தார். அடுத்த ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் 41ஆவதை அடித்தார். மூன்று மாதங்களில் முல்லர் காலமானார். புண்டஸ்லிகாவின் மொத்தக் கோல் பட்டியலில் 365 இன்னும் முதலிடத்தில் இருக்கிறது. 2022இல் லெவன்டோவ்ஸ்கி ஸ்பெயினுக்குப் போனபோது அவர் கணக்கில் இருந்தவை 312.