மரண கானா

மரண கானா என்பது இறந்தவர் நினைவாகப் பாடப்படும் கானாப் பாட்டு வகை ஆகும். இது வடசென்னையின் உழைக்கும் மக்களிடையே, குறிப்பாகத் தலித் மக்களிடையே வளர்ந்தது.

நிகழும் முறை

சாவு வீட்டின் முன் போடப்படும் பந்தலில் இரவில் பாடப்படுகிறது. விடியும் வரை நீள்வதும் உண்டு. டோலக், புல்புல்தாரா முதலியன பக்க இசைக்கருவிகள். இறந்தவரின் பெயர், உறவுகள், தொழில் ஆகியவற்றைக் கேட்டறிந்து பாடகர் பாட்டில் சேர்ப்பார். ஏட்டில் இடம்பெறாத கூலித் தொழிலாளியின் வாழ்வு இவ்வாறு ஊரறியச் சொல்லப்படுகிறது.

புளூஸ் இசையுடன் ஒப்பீடு

அமெரிக்கத் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களின் சிறு குடிக்கூடங்களில் வளர்ந்த புளூஸ் இசையுடன் கானாவை ஒப்பிடலாம். புளூஸ் பாடகர் பெரும்பாலும் தம் துயரைப் பாடுவார்; மரண கானா பாடகர் பிறர் இழப்பைப் பாடுகிறார்.

மேடையில்

2018 சனவரியில் சென்னையில் மேடையேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு, கானாவை ராக், ராப் இசைகளுடன் இணைத்துச் சாதி எதிர்ப்புப் பாடல்களைப் பாடியது.