சான்றிதழும் கம்பியிட்ட சன்னலும்

வாணிகம் கடல் கடந்தது பழைய செய்தி. ஆனால், பொருளைச் செய்தவரின் நலத்தைப் பற்றிய கேள்வி, அதனை வாங்கி விற்கும் நிறுவனத்தின் வாசலில் வந்து நின்றது அண்மைக் காலத்தில்தான். பஞ்சு ஒரு நாட்டில் விளைகிறது. ஆடை மற்றொரு நாட்டில் தைக்கப்படுகிறது. விற்பனையோ ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடைபெறுகிறது. இந்த நீண்ட சங்கிலியில் தைப்பவரின் உயிர் யாருடைய அமானிதம்? இவ்வினாவுக்கு விடை தேடிய வரலாற்றில், கராச்சியும் டாக்காவும் மறக்க வொண்ணாத இரண்டு பெயர்கள்.

நெறிகள் பெருகின

1990-களில், ஆசியத் தொழிற்சாலைகளின் அவலங்களைப் பத்திரிகைகள் வெளிக்கொணர்ந்தன. மேலை நாட்டு நிறுவனங்கள் பல, தத்தமக்கென ஒழுக்க நெறிகளை வகுத்துக் கொண்டன. நோக்கம் நன்றே, விளைவுதான் விந்தையானது. ஒரே தொழிற்சாலை பத்து நிறுவனங்களுக்கு ஆடை தைத்தால், பத்து வகை வினாப் பட்டியல்களுடன் பத்துத் தணிக்கையாளர்கள் வந்தனர். ஒருவர் கண்ட குறை மற்றவருக்குத் தெரியவில்லை.

இவற்றுக்குப் பொதுவான அளவுகோலாக 1997-ஆம் ஆண்டில் 'எஸ்.ஏ. 8000' என்னும் தரநிலை அமெரிக்காவில் உருவாயிற்று. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் உடன்பாடுகள் இதற்கு அடிப்படையாக அமைந்தன. கூலியையும் வேலை நேரத்தையும் பார்ப்பதோடு அது நிற்கவில்லை. பொறுப்பான அதிகாரி, முறையான பதிவேடு, முறையீட்டுக்கு வழி, குறை களையும் ஏற்பாடு ஆகியவை நிர்வாகத்தின் அன்றாட நடைமுறையிலேயே இடம்பெற வேண்டுமென்றும் அது வற்புறுத்தியது. ஏட்டளவில் குறை காண இயலாத திட்டம்!

கராச்சியில் எரிந்த உண்மை

2012 செப்டம்பர் 11 அன்று, கராச்சியின் பல்தியா பகுதியிலிருந்த அலி என்டர்பிரைசஸ் ஆடைத் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. சன்னல்களில் இரும்புக் கம்பிகள். வெளியேறும் வழிகள் அடைபட்டுக் கிடந்தன. 250-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்தத் தொழிற்சாலை எஸ்.ஏ. 8000 சான்றிதழைப் பெற்றுச் சில வாரங்களே ஆகியிருந்தன.

தீ திட்டமிட்டு வைக்கப்பட்டதென்று முடிவு செய்து, 2020-இல் கராச்சி நீதிமன்றம் இருவருக்கு மரண தண்டனை விதித்தது. ஆனால், தீ வைத்தவர் எவராயினும், சன்னல்களில் கம்பிகளைப் பதித்தவர் அவரல்லர். அந்தக் கம்பிகளைத் தணிக்கையாளரின் ஏடு பொருட்படுத்தவில்லை.

முதன்மை வாடிக்கையாளரான ஜெர்மானிய நிறுவனத்தின்மீது பாதிக்கப்பட்ட குடும்பத்தினர் டார்ட்முண்ட் நகரில் வழக்குத் தொடுத்தனர். காலம் கடந்துவிட்டதென்று 2019-இல் அவ்வழக்குத் தள்ளுபடியாயிற்று.

இடிபாடுகளுக்கிடையே பிறந்த உடன்படிக்கை

கராச்சியின் துயர் ஆறுமுன், 2013 ஏப்ரல் 24 அன்று, டாக்காவை அடுத்த சாவரில் ராணா பிளாசா என்னும் எட்டு மாடிக் கட்டடம் சரிந்தது. 1,130-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். முந்திய நாளே சுவர்களில் வெடிப்புகள் தோன்றியிருந்தன. கீழ்த்தளத்து வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. தையல் தொழிலாளர்கள் மட்டும் மறுநாள் வேலைக்கு அழைக்கப்பட்டனர். அங்கிருந்த ஐந்து ஆடைத் தொழிற்சாலைகளில் சில, முன்னரே சமூகத் தணிக்கைக்கு உட்பட்டவை. ஆனால், கட்டடத்தின் உறுதியை ஆராய்வது அத்தணிக்கையின் வேலையாக இருக்கவில்லை.

அடுத்த மாதமே, தொழிற்சங்கங்களும் ஆடை நிறுவனங்களும் வங்காள தேசத் தீ மற்றும் கட்டடப் பாதுகாப்பு உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. இருநூறுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அதில் இணைந்தன. முந்தைய முறைகளிலிருந்து இது வேறுபட்ட விதம் கருதத் தக்கது. ஒன்று, நிறுவனந்தோறும் தனித் தணிக்கை என்பதன்றி, அனைவருக்கும் பொதுவான பொறியாளர் ஆய்வு. இரண்டு, ஆய்வின் முடிவுகள் எவரும் படிக்கும்படி வெளியிடப்பட்டன. மூன்று, சீரமைப்புக்குப் பணம் கிடைக்க வழி செய்யும் கடமை வாங்குவோர்க்கும் உண்டு. நான்கு, ஆபத்தான இடத்தில் வேலை செய்ய மறுக்கும் உரிமை தொழிலாளிக்கு உண்டு. ஐந்து, வாக்குத் தவறினால் நடுவர் மன்றத்தில் பதில் சொல்லியாக வேண்டும்.

கடைசி விதி வெறும் எழுத்தாக நின்றுவிடவில்லை. தொழிற்சங்கங்கள் தி ஹேக் நகரிலுள்ள நிரந்தர நடுவர் மன்றத்துக்குச் சென்றன. 2018-இல் ஒரு நிறுவனம் 23 லட்சம் டாலர் வழங்க இசைந்து வழக்கை முடித்துக் கொண்டது. அத்தொகையில் பெரும்பகுதி தொழிற்சாலைகளின் சீரமைப்புக்கு உரியது. 2023-இல் இவ்வுடன்படிக்கையின் வழி பாகிஸ்தானுக்கும் நீண்டது. அதே ஆண்டில், சங்கிலியின் மறுமுனையைக் கவனிப்பதைக் கடமையாக்கும் சட்டம் ஜெர்மனியில் நடைமுறைக்கு வந்தது.

கராச்சியின் குடும்பங்களுக்கு இவையெல்லாம் காலங்கடந்து வந்தவை. எனினும் அவர்கள் இழப்பு ஒரு பாடத்தைப் பதித்துச் சென்றது: நிர்வாக முறைகளை ஒரே வடிவில் இணைப்பது எளிது, பொறுப்பை இணைப்பதே கடினம். பலன் அனைத்தும் வாங்குபவர்க்கு, பழி அனைத்தும் தைத்தவர் நாட்டுக்கு என்று பிரித்து வைத்தவரை, சான்றிதழ் சுவரில் தொங்கிற்று, சன்னல் திறக்கவில்லை.