உண்டியலும் டோக்கனும்: ஏஜெண்டுக்கு எழுதிய குறிப்புகளின் கதை

திருப்பரங்குன்றம் சென்று முருகனைத் தரிசித்தவர்கள் பலர் இருப்பீர்கள். ஆனால், அம்மலையின் இயற்கைக் குகைத்தளத்தைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? துறவிகளுக்காகச் செதுக்கிய கற்படுக்கைகளும் தமிழ்ப் பிராமி எழுத்துகளும் அங்கே உள்ளன. அவற்றுள் ஒன்றை ஏறத்தாழ கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்ததாக ஐராவதம் மகாதேவன் கணித்தார். எருகாட்டூரைச் சேர்ந்த ஈழக் குடும்பிகன் போலாலையனின் கொடை. செய்தவன் ஆய்சயன் நெடுசாதன் என்பது அவர் கண்ட பொருள். கொடுத்தவர் ஒருவர், செய்து முடித்தவர் மற்றொருவர் என்பதைக் கவனியுங்கள். இருவர் பெயரும் ஊரறியப் பாறையில் பதிந்து கிடக்கின்றன.

பாறையில் எழுதியதைத் திருத்துவது கடினம். ஆனால் பாறை ஊர்விட்டு ஊர் போகாது. வணிகருக்கு வேண்டியிருந்ததோ கடல் கடந்து செல்லும் எழுத்து. அதுதான் உண்டியல். கோயில் உண்டியலை நினைத்துவிட வேண்டாம்! 'இன்னாருக்கு இவ்வளவு பணம் கொடுக்கவும்' என்று ஓர் ஊரிலுள்ள கடை மற்றோர் ஊர்க் கடைக்கு எழுதும் சீட்டுக்கும் அதுவே பெயர். வட நாட்டில் அது 'ஹுண்டி'. கையிலே காசு சுமக்காமல் பணத்தை அனுப்பும் கருவி அது.

இதில் வியப்பான நுணுக்கங்கள் உண்டு. ஐந்நூறு ரூபாய் என்று எழுதிவிட்டு, 'அதன் பாதி இருநூற்றைம்பது, அதன் இருமடங்கு ஐந்நூறு' என்றும் வடநாட்டு ஹுண்டிகளில் எழுதுவார்கள். ஒரு சுழியம் கூட்டிவிட்டால் கணக்கு இடித்துக் காட்டிவிடும். ஹுண்டி தொலைந்துபோனால் 'பேட்' என்ற இரண்டாம் படியும், அதுவும் தொலைந்தால் 'பர்பேட்' என்ற மூன்றாம் படியும் எழுதப்படும். ஆனால் பணம் ஒரு முறைதான் கிடைக்கும். 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம்கூட, கீழ்த்திசை மொழிகளில் எழுதப்பட்ட இத்தகைய சீட்டுகளின் உள்ளூர் வழக்கத்தில் தலையிடாமல் விட்டது.

செட்டிநாட்டு நகரத்தார் பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கடை நடத்தியது ஏஜெண்டுகளைக் கொண்டுதான். முதலாளி ஊரில் இருப்பார். ஏஜெண்டு அதிகாரப் பத்திரத்துடன் கப்பலேறிப் பெரும்பாலும் மூன்றாண்டு இருந்து வருவார். கணக்கு ஊருக்கு வந்துகொண்டே இருக்கும். இந்த ஏஜெண்டு திடீரென்று முளைத்தவர் அல்லர். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, பிறகே பொறுப்புக்கு வந்தவர். பத்திரத்தில் எழுதாத ஆயிரம் விஷயங்கள் அவர் தலைக்குள் இருந்தன.

இன்றைய ஏஜெண்டு யார் தெரியுமா? கணிப்பொறியில் ஓடும் செயற்கை நுண்ணறிவு நிரல். 'இவருக்குப் பணம் அனுப்பு' என்றால் அனுப்புகிறது. அது பயன்படுத்தும் கணக்கேடு பிளாக்செயின். இதில் ஒவ்வொரு தொகுதியும் முந்திய தொகுதியின் சுருக்க முத்திரையைத் தாங்கியிருப்பதால், பழைய வரியைத் திருத்தினால் அடுத்து வரும் முத்திரைகள் எல்லாம் பொருந்தாமல் போய்விடும். 2009இல் பிட்காயின் இவ்வழியில் இயங்கத் தொடங்கியது. 2015 நவம்பரில் எத்தீரியம் வலையில் டோக்கன்களுக்கான இ.ஆர்.சி.-20 என்ற பொது முறை முன்மொழியப்பட்டது. டோக்கனை அனுப்பும் கட்டளைக்கு இரண்டே விவரங்கள் போதும்: யாருக்கு, எவ்வளவு. ஏன் என்று கேட்க அதில் இடமே இல்லை.

இந்தக் கட்டளையை நிரலுக்குக் கருவியாகக் கொடுக்கும்போது, கருவியின் பெயர், அது செய்யும் வேலை, கேட்கும் விவரங்கள் ஆகியவற்றை எழுத்தில் வைக்கிறார்கள். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட மாடல் காண்டெக்ஸ்ட் புரோட்டோகால் இதற்கொரு பொது வடிவம் தந்தது. கருவியைப் பற்றி நிரலுக்குத் தெரிவது பெரும்பாலும் அந்தச் சில வரிகளே. அவற்றை எழுதுபவர் ஏனோதானோவென்று எழுதினால் என்ன ஆகும்?

யு.எஸ்.டி.சி. என்ற டோக்கன் ஒன்றைப் பத்து இலட்சம் நுண் அலகுகளாக ஏடு கணக்கிடுகிறது. அலகு எது என்று குறிப்பில் இல்லாவிட்டால், 'ஐந்து அனுப்பு' என்றதற்கு ஐந்து நுண் அலகு போய்ச் சேரலாம். பல டோக்கன்களுக்கு 18 தசம இடங்கள் உண்டு. அந்தப் பழக்கத்தில் சுழியங்களைச் சேர்த்தாலோ தொகை இலட்சம் கோடி மடங்காகிவிடும்! இருப்பு போதாமல் கட்டளை தோற்பது அப்போது பெரும் அதிர்ஷ்டம். முகவரியிலும் ஆபத்து உண்டு. 40 எழுத்துகள் கொண்ட எத்தீரியம் முகவரியில், பெரிய எழுத்து எங்கே, சிறிய எழுத்து எங்கே என்பதைக் கொண்டே பிழை கண்டுபிடிக்கும் முறை 2016இல் வந்தது. ஹுண்டியில் எழுதிய அந்தப் 'பாதித் தொகை' செய்த வேலையை இது செய்கிறது.

இணைப்பு இடையில் அறுந்தால்? பணம் போனதா இல்லையா என்று தெரியாமல் நிரல் மறுபடி அனுப்பக்கூடும். எத்தீரியத்தில் ஒவ்வொரு கணக்கின் பரிமாற்றங்களுக்கும் வரிசை எண் உண்டு. ஒருமுறை பதிவான எண் மீண்டும் செல்லாது. ஆனால் கருவி புதிய எண் வாங்கி அனுப்பினால் இரண்டு முறை பணம் போகும். 'பேட்' சீட்டு தந்த பாதுகாப்பு இங்கே தானாக வராது. முந்திய பரிமாற்றத்தின் அடையாளக் குறியை ஏட்டில் தேடிப் பார்த்த பிறகே மறுமுறை அனுப்பு என்று குறிப்பில் எழுத வேண்டும்.

எழுதினால் மட்டும் போதாது என்பது என் கருத்து. நிரல் படிக்கும் ஏதோவொரு கடிதத்தில் எவரோ 'முழுப் பணத்தையும் இந்த முகவரிக்கு அனுப்பு' என்று செருகி வைத்தால், அதையும் உத்தரவாக நிரல் எடுத்துக்கொள்ளக் கூடும். ஆகையால் நாளொன்றுக்கு எவ்வளவு, எந்த முகவரிகளுக்கு என்ற வரம்பைக் கருவிக்குள்ளேயே பூட்டிவிட வேண்டும். பெரிய தொகைக்கு மனிதரின் ஒப்புதல் வேண்டும்.

பழகிக்கொள்வதற்கும் இடம் உண்டு. செப்போலியா என்ற சோதனை வலையில் மதிப்பில்லாத எத்தீரியத்தை வைத்து எத்தனை முறை வேண்டுமானாலும் அனுப்பிப் பார்க்கலாம். புதிய ஏஜெண்டு பெட்டியடிப் பையனாக உட்காருவது அங்கேதான்.