நோயாளியின் வீட்டிலிருந்து எழுந்த கேள்வி
சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி நிலையமும் நம் மாவட்டமும்

சென்னை சேத்துப்பட்டில் 1956-ஆம் ஆண்டு ஓர் ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. ஐ.சி.எம்.ஆர். எனப்படும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் கைகோத்து அதை நடத்தின. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் பொறுப்பேற்றார். இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இயங்குவது அந்த மையம்தான். அது ஆராய்ந்த கேள்விகளில் பல நம் திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராமங்களில்தான் விடை கண்டன என்பதால், கடம்பத்தூர் வட்டார மக்கள் அறிந்திருக்க வேண்டிய வரலாறு இது.

அந்நாளில் டி.பி. என்றால் மாதக்கணக்கில் சானடோரியத்தில் கிடக்க வேண்டும். நோயாளிகளின் எண்ணிக்கைக்குப் படுக்கைகள் போதவில்லை. சம்பாதிப்பவர் படுத்துவிட்டால் குடும்பம் பட்டினி; தாய் போய்விட்டால் பிள்ளைகளுக்கு ஆளில்லை. வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட்டுக் குணமாக முடியாதா? நோயாளி கேட்க வேண்டிய இந்தக் கேள்வியைத்தான் மையம் தன் முதல் ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டது.

193 நோயாளிகள் இரண்டு பிரிவாக்கப்பட்டனர். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஓய்வும் நல்ல சாப்பாடும் கிடைத்தன. மற்றவர்கள் நெரிசலான வீட்டில், குறைந்த உணவோடு, அன்றாட வேலைகளுக்கு நடுவே இருந்தார்கள். இரு பிரிவினருக்கும் ஐசோனியாசிட், பி.ஏ.எஸ். என்ற ஒரே மருந்துகள், ஓராண்டு காலம். பி.ஏ.எஸ். வயிற்றைப் புரட்டும் மருந்து. அதையும் கிராம் கணக்கில் தினமும் விழுங்க வேண்டும். மையத்தின் ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்து மிச்ச மருந்தை எண்ணினார்கள். மருந்து உள்ளே போனதா என்று சிறுநீரைச் சோதித்தார்கள்.

1959-இல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய சானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே தேறினார்கள். வீட்டில் வைத்துப் பார்த்ததால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. இந்தச் சென்னை ஆய்வுக்குப் பிறகு உலகெங்கும் காசநோய் சிகிச்சை சானடோரியத்தை விட்டு வீட்டுக்கு வந்தது.

அடுத்து நம் பகுதி. 1968-இல், திருவள்ளூரும் அடங்கியிருந்த அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு தொடங்கியது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் கை நீட்டி ஊசி போட்டுக்கொண்டனர். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று முடிவு வந்தது. எதிர்பார்த்த விடை அல்ல. ஆனாலும் உண்மையான விடை. அது தெரிந்ததால்தான் நோயாளியைக் கண்டுபிடித்து முழுமையாகக் குணப்படுத்துவதே வழி என்பது உறுதிப்பட்டது.

1999-இல் திருவள்ளூர் மாவட்டத்தில் டாட்ஸ் முறை, அதாவது ஊழியர் கண் முன்னே மாத்திரை விழுங்கும் முறை நடைமுறைக்கு வந்தது. அமெரிக்க வளர்ச்சி உதவி அமைப்பின் நிதி, உலக சுகாதார நிறுவனம் வழியாக வந்தது. கிராமம் கிராமமாக மக்களைச் சோதித்தபோது, லட்சம் பேரில் சுமார் 600 பேருக்கு இருந்த காசநோய் 2004-06 ஆய்வில் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. அந்த இறக்கம் அப்படியே நிலைக்கவில்லை. பின்னர் எடுத்த ஆய்வில் ஓரளவு மீண்டும் ஏறியது.

மருந்து இலவசம், ஆனாலும் சிலர் ஏன் பாதியில் நிறுத்துகிறார்கள், சிலர் ஏன் இறக்கிறார்கள்? இதையும் 2000-இல் நம் மாவட்ட நோயாளிகளிடமே ஆராய்ந்தார்கள். குடிப்பழக்கம் உள்ளவர்கள் அதிகம் விட்டுப்போனார்கள். 35 கிலோவுக்கும் குறைவான எடையோடு வந்தவர்கள் அதிகம் இறந்தார்கள். எடை பார்க்கும் மெஷின் சொன்ன செய்தி அது: மாத்திரை மட்டும் போதாது, சோறும் வேண்டும்.

அந்தச் செய்தி வீண்போகவில்லை. 2022-இல் தமிழக அரசு 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' கொண்டுவந்தது. நோய் கண்டதுமே எடை, மூச்சு வேகம், ரத்த ஆக்சிஜன், கால் வீக்கம், தானே எழுந்து நிற்கும் தெம்பு ஆகியவற்றைப் பார்த்து, மோசமானவர்களை உடனே மருத்துவமனையில் சேர்க்கும் திட்டம் இது. அதை வடிவமைத்ததில் சேத்துப்பட்டு நிறுவனத்துக்கும் பங்குண்டு. 2023-இல் வெளியான ஜார்க்கண்ட் ஆய்விலும் அதன் கை இருந்தது. நோயாளியின் வீட்டாருக்கு அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தபோது, அவர்களுக்குக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது.

புது மருந்துக்கான ஆராய்ச்சியில் கம்பெனிகள் முதலீடு செய்யும், லாபம் உண்டு. வீட்டில் படுத்தாலும் குணமாகுமா, வயிற்றுக்குச் சோறு போட்டால் பிழைப்பாரா என்ற ஆராய்ச்சியில் யாருக்கும் லாபம் இல்லை. அதற்குப் பொதுப்பணம்தான் வர வேண்டும். இந்த நிறுவனத்தின் வரலாறு சொல்லும் பாடம் இதுவே. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, சிறுநீரக நோய் என்று ஆயுள் முழுக்க மாத்திரையோடு வாழ்பவர்கள் இன்று நம் ஊர்களில் எத்தனையோ பேர். ஷிப்டுக்குப் போகும் தொழிலாளி எந்த நேரத்தில் மருந்து வாங்குவார், ஏன் நிறுத்துகிறார் என்பதை அவரிடமே கேட்டு ஆராய வேண்டும்.

கும்மிடிப்பூண்டி, காக்களூர் தொழிற்பேட்டைகளின் நிர்வாகத்தாருக்கு ஒரு வேண்டுகோள். கம்பெனிச் சட்டப்படி சமூகப் பொறுப்புக்காக ஒதுக்கும் பணத்தை ஐ.சி.எம்.ஆரின் ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும் தரலாம். உங்கள் பங்கில் ஒரு பகுதியை நோயாளியிடம் கேட்டுச் செய்யும் ஆராய்ச்சிக்குத் தாருங்கள். ஊர் மக்களுக்கும் ஒரு சொல்: இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம்.