கழுத்துப் பிடித்துக்கொண்ட மோட்டார்

ஆற்றங்கரையில் பிறந்தும் படகில் கால் வைக்காதவர்கள் சங்கம்னு ஒண்ணு ஆரம்பிச்சா, வாலாஜாபாத்காரனான நான் தாராளமா தலைவர் ஆகலாம். எங்க பாலாறு வருஷத்துல பெரும்பாலான நாள் வெறும் மணல். அப்படிப்பட்டவன், வார நாட்களில் ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றுக்குப் பொட்டி தட்டுபவன், பழைய அவுட்போர்டு மோட்டாரைப் பற்றிப் பதிவு எழுதுறேன்னா அதுக்குக் காரணம் கல்லூரி நண்பனின் சித்தப்பா.

அவர் மீனவர். சதுரங்கப்பட்டினம் பக்கம், எங்க பாலாறு கடலைச் சேரும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கார். போன மாசம் போனப்போ, அவரோட பழைய மோட்டார் கழுத்துப் பிடித்துக்கொண்டு கிடந்தது. கைப்பிடியை இடப்பக்கம் தள்ளினாலும் வலப்பக்கம் தள்ளினாலும் அசையவில்லை. ஏழெட்டு மாசம் சும்மா கிடந்ததாம். காயலான் கடைக்குப் போடலாம்னு வீட்டுல ஒரு கட்சி. சித்தப்பா மட்டும், "2015ல முடிச்சூர் வந்த மோட்டார் தம்பி இது, போட மாட்டேன்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அந்த டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கினப்போ, மீனவர்கள் லாரியில் படகை ஏற்றிக்கொண்டு வந்து ஆட்களை மீட்டார்கள். நான் தாம்பரத்துக்கு பஸ்ஸில் போகும் வழி அது. தெருவுக்குள் படகு ஓட்டும்போது மின்கம்பம், மதில் சுவர், மூழ்கிக் கிடக்கும் கார் என்று நொடிக்கொரு திருப்பம். அன்றைக்கு இந்தக் கழுத்து பிடித்திருந்தால்?

இங்கே கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கிறேன். இந்தக் கழுத்து எப்படி வந்தது?

கட்டுமரத்துக்குக் கழுத்தே கிடையாது. துடுப்புதான் சுக்கான். உடைந்தால் இன்னொரு துடுப்பு, அவ்வளவுதான். அமெரிக்காவின் மில்வாக்கியில் இருந்த ஓலே எவின்ருட் என்பவர் 1909ல் தன் அவுட்போர்டு மோட்டாரை விற்க ஆரம்பித்தார். இயந்திரம், விசிறி, திருப்பும் கைப்பிடி எல்லாம் ஒரே உருப்படி. பின்பலகையில் மாட்டினால் படகு ஓடும், கழற்றினால் தோளில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போகலாம். மோட்டாரே திரும்புவதால் தனியாகச் சுக்கான் வேண்டாம்.

எவின்ருட் பிறந்தது நார்வேயில். வேடிக்கை என்னன்னா, நம்ம பக்கம் மீன்பிடியை இயந்திரமாக்க வந்ததும் நார்வேதான். 1952ல் ஒப்பந்தமாகி, 1953ல் கொல்லம் அருகே நீண்டகரையில் இந்தோ-நார்வே திட்டம் தொடங்கியது. முதலில் உள்ளூர் வள்ளங்களில் இயந்திரம் பொருத்திப் பார்த்தார்கள், சரிப்படவில்லை. பிறகு புது வகைப் படகுகளுக்கும், கடைசியில் இழுவைப் படகுகளுக்கும் போனார்கள். துறைமுகம் இல்லாத, அலையைத் தாண்டி மணலில் ஏற வேண்டிய சாதாரண மீனவர் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இழுவைப் படகுகளோடு போட்டி தாங்காமல், 1980களின் தொடக்கத்தில் கேரளத்து மீனவர்கள் கூட்டம் கூட்டமாக அவுட்போர்டுக்கு மாறினார்கள். குமரி மாவட்டத்திலும் அதே கதை. முட்டத்தில் ஒட்டுப்பலகையில் புது மாதிரி வள்ளங்கள் கட்டினார்கள். கரை நெருங்கும்போது விசிறியைத் தூக்கிவிடலாம் என்பதால் இந்த மோட்டார் நம் கரைக்குப் பொருந்தியது. சென்னையைத் தலைமையிடமாக வைத்து 1979ல் தொடங்கிய எஃப்.ஏ.ஓ.வின் வங்காள விரிகுடாத் திட்டமும், விசிறியைத் தூக்கிக்கொள்ளும் டீசல் படகுகளை வடிவமைத்தது.

ஆனால் துடுப்பு செய்யத் தெரிந்த ஊரில் மோட்டார் திறக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? பழுது பார்க்கும் அறிவு கரையை விட்டுப் பட்டறைக்குப் போய்விட்டது. தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு (1980ல் உருவானது) மோட்டார்களுக்குப் பட்டறைகளும் நடத்தியதை நான் பெரிய விஷயமா நினைக்கிறேன். மோட்டார் வாங்குவது ஒரு நாள் வேலை, அதை ஓட வைப்பது வருஷக்கணக்கு.

சித்தப்பா வரவழைத்த மெக்கானிக் அண்ணன் குமரிக்காரர். நான் போய்ச் சேர்ந்தப்போ நண்பன் கையில் சுத்தியல். "அடிக்காதிய மக்கா, அலுமினியம் விண்டுரும்" என்று பிடுங்கினார்.

அவர் செய்தது அப்படியே நம்ம 'டீபக்' வேலை :-) முதலில், கைப்பிடியின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு முறுக்கி விடப்பட்டிருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. (ஸ்டியரிங் சக்கரமும் கேபிளும் உள்ள படகுன்னா, கேபிளை மோட்டாரிலிருந்து கழற்றி இரண்டையும் தனித்தனியா ஆட்டிப் பார்க்கணுமாம். எது அசையலையோ அதுதான் குற்றவாளி.) இங்கே குற்றவாளி, மோட்டாரைத் தாங்கும் பிராக்கெட்டுக்குள் செங்குத்தாக நிற்கும் தண்டு. பழைய கிரீஸ் காய்ந்து, உப்புத் தண்ணீர் புகுந்து, அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகி இறுக்கிவிட்டது.

பெட்ரோல் டேங்கைத் தூரமாக வைத்தார். நெருப்புக் காட்டவில்லை, துணியைச் சுற்றி வெந்நீர் ஊற்றினார். துருநீக்கி எண்ணெய் விட்டு, ராத்திரி முழுக்க ஊற வைத்தார். மறுநாள் காலை கையால் லேசாக இடம், வலம். ஒரு நூல் அசைந்தது. மறுபடி எண்ணெய், மறுபடி இடம் வலம். நீளமான குழாயை மாட்டி நெம்பலாமா என்று கேட்டேன். முறைத்தார்.

மத்தியானத்துக்குள் பாதி தூரம் திரும்பியது. அடைத்துக் கிடந்த கிரீஸ் நிப்பிளைக் கழற்றிப் புதுசு போட்டு, புது கிரீஸை அழுத்த அழுத்த, கருப்பட்டிப் பாகு மாதிரிப் பழசு வெளியே வழிந்தது. பழசு நின்று புதுசு எட்டிப் பார்க்கும்வரை விடவில்லை. சாயங்காலம் சித்தப்பா ஒற்றை விரலால் கைப்பிடியை ஓரத்திலிருந்து ஓரத்துக்குத் தள்ளிக் காட்டினார். அவர் முகத்தைப் பார்த்திருக்கணும் நீங்க.

"மாசம் ஒருக்கா கிரீஸ் அடிச்சிருந்தா நான் வந்திருக்கவே வேண்டாம்" என்று சொல்லிவிட்டுத்தான் அண்ணன் கூலி வாங்கினார்.

திரும்பும்போது, 2021 நவம்பரில் பாலாறு இரு கரை தொட்டு ஓடியதை நினைத்துக்கொண்டேன். பாலத்தில் நின்று செல்போனில் படம் எடுத்த கூட்டத்தில் நானும் ஒருவன். எங்க ஊரைச் சுற்றிக் காரும் பைக்கும் செய்யும் தொழிற்சாலைகள் வரிசையாக நிற்கின்றன. வல்லம் என்று ஊர்ப்பெயரே இருக்கிறது, ஆனால் ஆத்திர அவசரத்துக்கு ஒரு வள்ளம் கிடையாது. அடுத்த வெள்ளத்துக்கும் கடற்கரையிலிருந்துதான் யாராவது வரணும். அவர்கள் மோட்டாரின் கழுத்து நல்லா திரும்பணும். ஒரு டப்பா கிரீஸ் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.