சேம அச்சும் ஜாக்கியும்

இன்று நாம் தருமபுரி என்று வழங்கும் ஊருக்குத் தகடூர் என்பது பழம்பெயர் என்பதும், அஃது அதியமான்களின் தலைநகராய் விளங்கியது என்பதும் நீங்கள் பள்ளியில் படித்த செய்திகளே. அதியமான் நெடுமான் அஞ்சி ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்ததையும் அறிவீர்கள். அவன் மகன் பொகுட்டெழினியை ஔவையார் எதற்கு ஒப்பிட்டார் என்று கேட்டால் மட்டும் பலர் விழிப்பார்கள். சிங்கத்துக்கு அன்று, மலைக்கும் அன்று. ஒரு வண்டியின் அச்சுக்கு! புறநானூற்றின் 102-ஆம் பாட்டை எடுத்துப் பாருங்கள். உப்பு வணிகராகிய உமணர், மேடும் பள்ளமுமான நெடுவழியில் என்ன நேருமோ என்று எண்ணி, வண்டியின் அடிமரத்தில் மற்றோர் அச்சையும் கட்டிக்கொண்டு போவார்கள். அதற்குச் சேம அச்சு என்று பெயர். மோட்டார் வண்டியில் நாம் கொண்டுசெல்லும் மாற்றுச் சக்கரத்துக்கு அதுவே பாட்டன். அரசனின் மைந்தனைப் பாட வந்த புலவர், வண்டிக்காரனின் கவலையை நினைத்தாரே என்று நான் வியந்ததுண்டு. நம் வரலாற்று நூல்கள் தேர்ப்படையை எண்ணிக் காட்டும் அளவுக்கு வண்டிக்காரரைக் கண்டுகொள்வதில்லை.

அச்சை மாற்ற வேண்டுமானால் வண்டியைத் தூக்கியாக வேண்டும். கட்டை வண்டிக்காரர் அதற்கு ஒரு முறை வைத்திருந்தனர். முதலில் மாடுகளை அவிழ்த்துவிடுவர். மறுபக்கத்துச் சக்கரம் உருளாதவாறு முன்னும் பின்னும் கல் கொடுப்பர். வலிய நெம்புதடி ஒன்றை அச்சின் அடியில் செலுத்தி அழுத்துவர். வண்டி எழும்பியதும் அடியில் முட்டுக் கொடுத்துவிட்டு, அதன் பிறகே கடையாணியைப் பிடுங்கிச் சக்கரத்தைக் கழற்றுவர். தூக்குவது ஒரு வேலை. தூக்கியதைத் தாங்குவது வேறொரு வேலை. இந்தப் பகுப்பை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தேரோட்டத்திலும் இதைக் காணலாம். தருமபுரி குமாரசாமிப்பேட்டை முருகன் கோயிலில் தைப்பூசத் தேரைப் பெண்களே வடம் பிடித்து இழுப்பது பெயர்பெற்ற வழக்கம். தேர் ஓடும் ஊர்களில் வடம் பிடிப்போரை நாம் பார்க்கிறோம். சக்கரத்தருகே முட்டுக்கட்டையோடு குனிந்து நடப்பவரைப் பார்ப்பதில்லை. தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் அவர் கையில் இருக்கின்றன. 2022 ஜூன் மாதத்தில் இம்மாவட்டத்தின் மாதேஅள்ளியில் தேரின் அச்சு முறிந்து, தேர் சாய்ந்து, உயிர்கள் போயின. அச்சைப் பற்றிய கவலை சங்ககாலத்தோடு முடிந்துவிடவில்லை.

இனி இயந்திரத்துக்கு வருவோம். அடைபட்ட நீர்மத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் 17-ஆம் நூற்றாண்டில் விளக்கினார். 1795-இல் இங்கிலாந்தில் ஜோசப் பிராமா அதைக்கொண்டு அழுத்தப் பொறி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். 1851-இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் டட்ஜன், எடுத்துச் செல்லத்தக்க ஜாக்கியை ஆக்கினார். சிறிய உருளையைப்போல் பெரிய உருளையின் பரப்பு 20 மடங்கு என்றால், 50 கிலோ அழுத்தத்தால் 1,000 கிலோவைத் தூக்கலாம். ஆனால் இயற்கை இனாம் தராது: சிறியது 20 அங்குலம் இறங்கினால் பெரியது 1 அங்குலமே ஏறும். அவ்வளவு பாரத்தையும் உள்ளே தடுத்து நிற்பது ஒரு சிறு வளையமும் வால்வுமே. அவை பழுதானால் எண்ணெய் கசியும், வண்டி இறங்கும். ஆகவே, ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் நுழைவது தற்கொலைக்கு நிகர். கெட்டியான சமதரையில் ஜாக்கியை நிறுத்தி, உயர்த்தி, உறுதியான தாங்கிகளை அடியில் வைத்து, பாரத்தை அவற்றின்மேல் இறக்கிய பின்னரே கை வைக்க வேண்டும். முட்டுக் கொடுத்த வண்டிக்காரர் வேறென்ன செய்தார்?

கவிழ்ந்த வண்டியைத் தூக்கும் கதை 1916-இல் அமெரிக்காவின் சட்டனூகா நகரில் தொடங்குகிறது. ஓடையில் விழுந்த ஒரு போர்டு காரை வெளியே எடுக்க எர்னஸ்ட் ஹோம்ஸ் என்பவரும் துணைக்கு வந்தோரும் கயிறும் கட்டையுமாக மணிக்கணக்கில் போராடினர். அந்த அலுப்பில் பிறந்த யோசனையே, பழைய கார் ஒன்றின்மேல் கம்பங்களும் கப்பியும் சங்கிலியும் பொருத்திய முதல் மீட்பு வண்டி.

அத்தகைய வண்டிகளுக்கு ஓய்வில்லாத இடங்களுள் ஒன்று நம் தொப்பூர்க் கணவாய். முன்பு 7 என்றும் இப்போது 44 என்றும் எண் பெற்ற தேசிய நெடுஞ்சாலை, தருமபுரி மேட்டுநிலத்திலிருந்து சேலத்தை நோக்கி இங்கே இறங்குகிறது. டீசலை மிச்சப்படுத்தக் கருதிச் சில ஓட்டுநர்கள் கியரை விடுவித்து லாரியை உருளவிடுவர். எஞ்சினின் தடை நீங்கிவிடவே, பாரம் முழுவதும் பிரேக்கின்மேல் விழுகிறது; அது சூடேறிப் பிடிப்பை இழக்கிறது. 2020 டிசம்பரில் இவ்வழியில் ஒரு லாரி, முன்னே நின்ற பல வண்டிகள்மீது மோதி உயிர்ச்சேதம் விளைவித்தது.

பழுதான வண்டியை இத்தகைய சரிவில் கயிற்றால் கட்டி இழுப்பது பெருந்தவறு. கயிற்றுக்கு இழுக்கத் தெரியும், தடுக்கத் தெரியாது. இறக்கத்தில் பின்வண்டி முன்வண்டியின்மேல் பாயும். எஞ்சின் ஓடாத லாரியில் பிரேக்குக்கு வேண்டிய காற்றும் ஏறாது. இரும்புத் தண்டால் பிணைப்பதோ, மீட்பு வண்டியில் முன்பக்கத்தைத் தூக்கிக் கட்டுவதோதான் முறை. பின்சக்கரங்கள் தரையில் உருளுமானால், கியர்ப்பெட்டியிலிருந்து பின்னச்சுக்குச் செல்லும் தண்டைக் கழற்றிவிடுவர். இல்லையேல் எண்ணெய் சுழலாமல் பல்சக்கரங்கள் வெந்துபோகும். 1989-இன் சாலை விதிகள் இழுக்கும் வண்டிக்கும் இழுபடும் வண்டிக்கும் இடையே 5 மீட்டருக்கு மேல் கூடாது என்றும், வேகம் மணிக்கு 24 கிலோமீட்டரைத் தாண்டலாகாது என்றும் வரையறுத்தன. 2017-இல் புதிய விதிகள் அவற்றின் இடத்துக்கு வந்தன.

கவிழ்ந்த லாரியைக் கிரேன் தூக்கும்போது வேடிக்கை பார்க்க நம் மக்கள் கூடுவது வழக்கம். அறிந்த பணியாளர் முதலில் அவர்களை விலக்குவார். இறுகி நிற்கும் கம்பிவடம் அறுந்தால் சாட்டைபோல் சுழன்று அடிக்கும். ஆகவே வடத்தின் நீளத்தைவிடத் தொலைவில் எல்லோரும் நிற்க வேண்டும். பிறகு பேட்டரியின் இணைப்பை நீக்கி, டீசல் ஒழுகுகிறதா என்று பார்த்து, இயன்றால் பாரத்தை இறக்கிவிட்டு, அதன் பின்னரே கொக்கியை மாட்டச் சொல்வார்.